சோகிப் பூட்டு

எங்கள் முன்பள்ளியில் ஒரு கண்ணாடி அலுமாரி இருக்கிறது. அந்த வருடம் மாதக்கணக்காக அதன் கண்ணாடியில் பிள்ளைகளின் மூக்கு அடையாளங்கள்தான். வளர்ந்த பிள்ளையின் மூக்கு மேலே, குட்டையான பிள்ளையின் மூக்கு கீழே. காலையில் வந்ததும் துணியால் துடைத்துவிடுவேன். கஞ்சி குடிக்கக் கூப்பிடும் நேரத்துக்குள் எல்லா மூக்கும் திரும்ப வந்திருக்கும். உள்ளே தட்டுத் தட்டாக மரக்கட்டைகள் இருந்தன. சதுரம், நீளம், முக்கோணம், உருளை, வில்வளைவு என்று சிவப்பிலும் நீலத்திலும் மஞ்சளிலும் வழுவழுவென்று கிடக்கும். அலுமாரிக்குப் பூட்டு. திறப்பு எங்கள் முன்பள்ளிச் சங்கத் தலைவரின் சட்டைப் பையில்.

நெடுந்தீவின் மேற்குப் பக்கம், காற்று நேரே வந்து முகத்தில் அறைகிற இடத்தில் இருக்கிறது எங்கள் பள்ளி. ஒரு மண்டபம், ஒரு குசினி, ஒரு கிணறு, முற்றத்தில் ஒரு வேம்பு, சுற்றிவரப் பவளப்பாறை முருகைக்கல்லால் அடுக்கிய வேலி. ரீச்சர் நான்தான், மணி அடிப்பதும் நான்தான், கஞ்சிப் பானை கழுவுவதும் நான்தான். பிள்ளைகள் இரண்டு கை விரல்களுக்குள் அடங்குவார்கள். எனக்குக் கோபம் வந்தால் கடலுக்கு அந்தப் பக்கம் கேட்கும் என்று பெற்றோர் பகிடி பண்ணுவார்கள். பிள்ளைகளிடம் நான் கோபிப்பதில்லை. பெரியவர்கள்தான் அதற்கு வேண்டிய காரணங்களைத் தாராளமாகத் தருகிறார்களே.

அந்தக் கட்டைகள் வருட ஆரம்பத்தில் வந்தன. இந்தத் தீவில் பிறந்து வெளிநாட்டில் குடியிருக்கும் ஒரு அக்கா, தன் பிள்ளைகள் விளையாடியது போன்ற கட்டைகளை எங்கள் பிள்ளைகளுக்கும் வாங்கி அனுப்பியிருந்தார். பெட்டி குறிகட்டுவானில் படகேறி, இங்கே துறையில் இறங்கி, ஓட்டோவில் வந்து சேர்ந்தது. சங்கத் தலைவர் பெட்டியை மேசையில் வைத்து, கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, அலுமாரியில் அழகாக அடுக்கினார். அவர் தபாற் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அடுக்குவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அடுக்கி முடித்ததும் பூட்டினார்.

“அண்ணை, பிள்ளையளுக்குத்தானே அனுப்பினவ. விளையாடட்டுமன்” என்றேன்.

“விளையாடலாம் பிள்ளை, ஆர் வேண்டாமெண்டது? சோளகக் காத்தோட அவ ஊருக்கு வாறா. வந்து பாக்கேக்க கட்டையள் புதுசா இருக்கவேணும். ஊத்தைக் கையால பிடிச்சு நிறம் போனால், ஒண்டு ரண்டு துலைஞ்சால், ஆருக்கு மரியாதை இல்லை? எங்களுக்குத்தானே.”

இது எங்கள் ஆட்களுக்கே உரிய வியாதி. வீடு வீடாகப் போய்ப் பாருங்கள். நல்ல பீங்கான் கோப்பைகள் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும். வீட்டுக்காரர் விளிம்பு உடைந்த கோப்பையில் தேத்தண்ணி குடிப்பார். புதுக் கதிரையின் பொலித்தீனைக் கழற்றமாட்டார்கள். வெயில் காலத்தில் அதில் இருந்து எழும்பினால் தோல் உரியும். நல்ல சாமான் என்றால் அது வரப்போகிற ஆளுக்கு. வந்த ஆள் போனபிறகு, அடுத்து வரப்போகிற ஆளுக்கு. இதில் தலைவரை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, என் வீட்டு அலுமாரியையும் யாராவது திறந்து பார்த்துவிடுவார்கள். ஆனால் ஒன்று சொல்லத்தான் வேண்டும். மரக்கட்டைகளைப் பூட்டிவைத்த அந்த மனிதர் தன் ஆடுகளை மட்டும் அவிழ்த்தேவிட்டிருந்தார். அந்த ஆடுகள் இந்தக் கதையில் பிறகு வரும்.

பிள்ளைகள் மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டே நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள், “வாங்கோ வெளியில, எங்களிட்ட இல்லாத கட்டையோ” என்று எல்லோரையும் முற்றத்துக்குக் கூட்டிவந்தேன். மாரி மழையில் எங்கள் மேற்கு வேலி ஓர் இடத்தில் சரிந்து கற்கள் குவியலாகக் கிடந்தன. முருகைக்கல் பார்க்கத்தான் பெரிது. உடம்பெல்லாம் துளை என்பதால் பாரம் குறைவு. சின்னக் கைகளுக்கு அடங்குகிற கற்களும் நிறையக் கிடந்தன. “உங்களுக்கு விருப்பமானதைக் கட்டுங்கோ” என்று சொல்லிவிட்டு வேம்பின் கீழ் இருந்தேன்.

முதலில் கேக் கட்டினார்கள். பிறகு படகு. பிறகு ஒரு நண்டுக்கு வீடு. சோகி என்கிற சோழியும் சங்கும் பொறுக்கக் கடற்கரைக்குப் போனபோது, சங்கு ஓட்டை முதுகில் சுமந்துகொண்டு திரிகிற நண்டு ஒன்றைப் பிடித்து வந்திருந்தார்கள். சுற்றிவரக் கல் அடுக்கி அதை உள்ளே விட்டார்கள். நண்டு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு இரண்டு கல்லுக்கு நடுவே இருந்த இடைவெளியால் வெளியே வந்துவிட்டது. திரும்பப் பிடித்துவிட்டார்கள். அது இன்னொரு இடைவெளியால் வந்தது. அன்று முழுக்க இதுதான் வேலை. நண்டுக்கு அலுக்கவில்லை, பிள்ளைகளுக்கும் அலுக்கவில்லை. கடைசியில் ஒரு சின்னவள் இடைவெளிக்குள் சின்னக் கல்லைச் செருகித் தட்டினாள். தட்டியதும் மேலே ஆடிக்கொண்டிருந்த பெரிய கல் ஆடாமல் நின்றது. அவள் அதைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். அது அசையவில்லை. அப்போது அவளுடைய முகத்தைப் பார்த்திருக்கவேண்டும்.

“ரீச்சர், சின்னக் கல்லு இல்லாட்டிப் பெரிய கல்லு ஆடும்” என்று எனக்கு வந்து அறிவித்தாள். நான் ஓம் என்றேன். நண்டைப் பின்னேரம் கடற்கரையில் கொண்டுபோய் விட்டோம்.

அந்தச் சின்னவளுக்கு நாலு வயது. பை வைத்த சட்டைதான் போடுவாள், பை இல்லாத சட்டையென்றால் வீட்டில் ஒரு யுத்தமே நடக்கும். பைக்குள் எப்போதும் சோகி இருக்கும். எல்லோரையும் வேலை வாங்குவாள். தகப்பன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் வருவார். தாய்தான் வீடு, வளவு, கிணறு, தோட்டம் எல்லாம் தனியே பார்க்கிறவர்.

வேலி வேலையில் பிள்ளைகள் ஊறிப்போனார்கள். சரிந்த இடத்தையே திரும்பக் கட்டத் தொடங்கினார்கள். தீவில் கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளில் ஒன்று தினமும் வந்து வேலிக்கு மேலால் தலையை நீட்டி மேற்பார்வை பார்த்தது. அதற்கு அவர்கள் பயப்படவில்லை. “தள்ளி நில், கல்லு விழும்” என்று அதற்கும் கட்டளை. கட்டிக்கொண்டு போகும்போது கண்டாயமும் வேண்டும் என்று அவர்களே சொன்னார்கள். எங்கள் கல்வேலிகளில் எல்லா இடத்திலும் படலைக் கதவு இருக்காது. ஆள் போய்வருவதற்குக் கண்டாயம் என்று ஓர் இடம் விடுவார்கள். அங்கே கல் தளர்வாக இருக்கும். போகிறவர் கற்களை எடுத்துக் கீழே வைத்து, தாண்டி, திரும்பி நின்று அடுக்கிவிட்டுப் போகவேண்டும். கடைசியாக எடுத்த கல் முதலில் ஏறவேண்டும், முதலில் எடுத்தது கடைசியில். ஏறிக் குதிக்கிறவரை ஒருவரும் மதிக்கமாட்டார்கள். கல் சரியும், ஆடுமாடு உள்ளே போகும், சண்டை வரும். இதையெல்லாம் பிள்ளைகள் தாய் தகப்பனோடு போகும்போது பார்த்து வைத்திருக்கிறார்கள். பள்ளி முற்றத்தில் அதைத் தாங்களே செய்து பார்த்தார்கள். எந்தக் கல் எதற்கு மேலே இருந்தது என்று முதலில் சண்டை பிடித்தார்கள். பிறகு, எடுக்கிற கல்லை நிலத்தில் வரிசையாக வைக்கப் பழகினார்கள். எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது.

ஒருநாள் கண்டாயத்தை அடைத்த பிறகு, சின்னவள் பையிலிருந்து ஒரு சோகியை எடுத்து உச்சிக் கல்லின்மேல் வைத்தாள்.

“இது என்ன?” என்றேன்.

“பூட்டு. அலுமாரிக்கு இருக்கிற மாதிரி.”

“அப்ப திறப்பு எங்க?”

“இதுக்குத் திறப்பு வேண்டாம் ரீச்சர். சோகியை எடுத்திட்டு உள்ள வரலாம். போகேக்க திருப்பி வைக்கோணும்.”

அதற்குப் பிறகு சோகி இல்லாமல் எங்கள் வேலி பூட்டப்படவில்லை.

இதெல்லாம் எனக்குச் சந்தோஷம். ஆனால் தாய்மாருக்கு அப்படியில்லை. சின்னவளின் தாய் ஒருநாள் சைக்கிளை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். கையில் மகளின் கொப்பி.

“ரீச்சர், முந்தநாள் முழங்கால் உரஞ்சிக்கொண்டு வந்தவள். நேற்று நகம் முழுக்க மண். கொப்பியைத் திறந்தால் வெள்ளையாக் கிடக்கு. என்னதான் படிப்பிக்கிறியள்?”

“வேலி கட்டுறா. நல்லாக் கட்டுறா.”

“வேலி கட்டப் பள்ளிக்கூடமோ? என்ரை வீட்டில வேலி விழுந்துதான் கிடக்கு. அதுக்கு நான் வீட்டிலேயே வச்சிருப்பன். துறைப்பக்கத்துப் பள்ளியில என்ரை சிநேகிதியின்ர பொடியன் தன்ர பேரை எழுதுறான். இவள் சோகி பொறுக்கிறாள்.”

“எழுத முதல் விரல் பழகவேணும். அவவின்ர விரல் கல்லில பழகுது. நீர் ஒருநாள் இருந்து பாரும்.”

“எனக்கு இருந்து பாக்க நேரம் இல்லை ரீச்சர்.” கொப்பியை மேசையில் வைத்தார். “அந்த வெளிநாட்டு அக்கா வந்துபோகும்வரை விடுறன். பிள்ளையள் குறைஞ்சு தெரிஞ்சால் ஊருக்குத்தான் வெக்கம். அவ போன அடுத்த நாள் இவளைத் துறைப்பக்கம் மாத்திறன். தங்கச்சியின்ர பிள்ளையளையும்தான்.”

அவர் மகள், தங்கச்சியின் பிள்ளைகள், அவர்களைப் பார்த்து இன்னும் ஓரிருவர். அத்தோடு எங்கள் பள்ளியின் கதை முடியும். பிள்ளைகள் இதற்கு மேலும் குறைந்தால் மேற்குப் பக்கத்தில் முன்பள்ளி நடத்த ஏலாது என்று அலுவலகத்தில் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். மிச்சப் பிள்ளைகளைத் துறைவரை கொண்டுபோய்க் கூட்டிவர வசதியில்லாத வீடுகள்தான் இங்கே அதிகம். அவர்கள் ஐந்து வயதுவரை வீட்டில்தான் நிற்பார்கள். அன்று பின்னேரம் கஞ்சிப் பானையைக் கழுவும்போது எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. யார்மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை. அந்தத் தாயும் தன் பிள்ளையின் நன்மைக்குத்தானே சொல்கிறார். நானும் அதற்குத்தானே பாடுபடுகிறேன். பானை மட்டும் அன்று பளபளவென்று மின்னியது.

இனி ஆடுகளின் கதை. தலைவரின் வளவும் சின்னவளின் வீட்டு வளவும் பக்கத்துப் பக்கத்தில். நடுவே கல்வேலி. கோடை முற்றி ஊரெல்லாம் காய்ந்தபோது, சின்னவளின் தாய் கிணற்றுத் தண்ணீர் வார்த்து வளர்த்த கீரையும் மிளகாய்க் கன்றும் மட்டும் பச்சையாக நின்றன. ஆடுகளுக்குக் கண் இருக்கிறதே. வேலி தாழ்ந்த ஓர் இடத்தில் கல்லைச் சரித்துக்கொண்டு உள்ளே போய் ஒரு பிடி பிடித்தன. தாய் போய்க் கேட்க, தலைவர் “ஆடெண்டால் மேயும்தானே” என்றார். அத்தோடு பேச்சு முறிந்தது. சங்கக் கூட்டத்தில் இருவரும் என் மூலமாகத்தான் பேசினார்கள். “ரீச்சர், கதிரையளை ஆர் கொண்டுவாறதெண்டு அவரிட்டக் கேளுங்கோ.” “பிள்ளை, நான் கொண்டுவாறனெண்டு அவவிட்டச் சொல்லும்.” இரண்டு பேரும் ஒரே வாங்குப் பலகையில் இருந்துகொண்டுதான் இந்தக் கூத்து.

பிறகு ஒருநாள் தாய் முகம் மலர வந்தார். “ரீச்சர், மனுசன் திருந்திட்டார். வேலியின்ர ஓட்டையை வடிவாக் கல் வச்சு அடைச்சு விட்டிருக்கிறார். வெக்கத்தில வாய்திறந்து சொல்லேல்லைப் போல. நானும் ஒண்டும் கேக்காமல் பனங்காய்ப் பணியாரம் சுட்டு ஒரு தட்டுக் குடுத்துவிட்டனான்.” மறுநாள் தலைவர் என்னிடம் பணியாரத்தைப் புகழ்ந்தார். அவர்கள் நேரே பேசத் தொடங்கியதில் எனக்குப் பெரிய ஆறுதல். தொண்டை கொஞ்சம் ஓய்ந்தது. பள்ளி மாற்றும் பேச்சில் மட்டும் தாய் அசையவில்லை. “அது வேற, இது வேற” என்றார்.

அக்கா வந்த நாளில் சோளகக் காற்றுப் பேயாட்டம் ஆடியது. வாசலில் கட்டிய ‘வருக வருக’ பதாகை விடியவே பிய்த்துக்கொண்டு போய் வேம்பில் தொங்கியது. படகில் வந்த அக்கா இறங்கும்போது சேலை நனைந்து, முகம் வெளிறி, தலைமயிர் நாலு திசைக்கும் நின்றது. தலைவர் போட்ட மாலையில் பாதிப் பூக்கள் போட்ட கையோடு பறந்துவிட்டன. அக்கா சிரித்துக்கொண்டே, “இந்தக் காத்தை நினைச்சுத்தான் அங்க கனவு காணுறனான்” என்றார். அப்போதே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

மண்டபத்தில் ஒரு பக்கம் கதிரைகள், மறுபக்கம் பாயில் பிள்ளைகள். தலைவர் திறப்பை எடுத்தார். பூட்டுத் திறந்த சத்தத்தில் பிள்ளைகள் எல்லோரும் எழும்பிவிட்டார்கள். கட்டைகள் பாய்க்கு வந்தன. அக்கா ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

“இன்னும் கடை மணம் போகேல்லையே. விளையாடுறேல்லையோ?”

“நல்ல கவனமா வச்சிருக்கிறம்” என்றார் தலைவர் பெருமையோடு.

“என்ரை பிள்ளையள் எண்டால் இதுக்குள்ள பாதியைக் கடிச்சு முடிச்சிருக்குங்கள்” என்றார் அக்கா. தலைவர் அதையும் புகழ்ச்சியாகவே எடுத்துக்கொண்டார்.

பெட்டியின் மூடியில் ஒரு மாளிகைப் படம் இருந்தது. தலைவர் அதைப் பிள்ளைகளுக்கு முன்னால் தூக்கிப் பிடித்து, “இதைப் பாத்துக் கட்டுங்கோ பாப்பம்” என்றார். பிள்ளைகள் படத்தை மரியாதையாகப் பார்த்தார்கள். கட்டைகளைத் தடவினார்கள், கன்னத்தில் வைத்தார்கள், ஒருவன் நக்கியும் பார்த்தான். பிறகு சின்னவள், “நீளமானது கீழ” என்றாள். அவ்வளவுதான், தொடங்கிவிட்டார்கள். மாளிகை எழும்பவில்லை. மண்டபத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை, கதிரைகளுக்கும் பாய்க்கும் நடுவே ஒரு வேலி போனது. பெரிய கட்டைகள் அடியில், சின்னவை இடைவெளியில். முக்கோணங்களைச் செருகித் தட்டிப் பார்த்தார்கள். வில்வளைவுகளை என்ன செய்வதென்று தெரியாமல் குதிரை தலை நீட்டும் இடம் என்று வைத்தார்கள். எனக்கு வாய்கொள்ளாச் சிரிப்பு. தலைவர் மூடியைக் கீழே வைக்கவும் முடியாமல், பிடித்திருக்கவும் முடியாமல் நின்றார்.

“பிள்ளை, இது என்ன? அவ எங்களைப் பற்றி என்ன நினைப்பா?” என்று என் காதில் சொன்னார்.

அக்கா ஒன்றும் நினைக்கவில்லை. கதிரையிலிருந்து இறங்கி நிலத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துச் சின்னவளின் தாய் குசினியிலிருந்து தேத்தண்ணித் தட்டோடு வந்தார். அவர் நின்றது பிள்ளைகள் பக்கம். அக்கா இருந்தது வேலிக்கு அந்தப் பக்கம். முழங்காலுக்கும் வராத வேலி. தாய் ஒரு கையால் சேலையைத் தூக்கிக்கொண்டு காலை எடுத்தார்.

“அம்மா நில்லுங்கோ! ஏறிக் கடக்கக் கூடாது” என்றாள் சின்னவள். “கண்டாயம் இங்க இருக்கு.”

தாய் தூக்கிய காலைக் கீழே வைத்தார். சின்னவள் முழந்தாளிட்டு மேல் கட்டையை எடுத்தாள். அதை நிலத்தில் வைத்தாள். அடுத்ததை அதற்குப் பக்கத்தில் வைத்தாள். பக்கத்துப் பிள்ளை ஒருத்தி வரிசை பிசகாமல் பார்த்துக்கொண்டாள். கடைசிக் கட்டை வந்ததும், “இப்ப போங்கோ” என்றாள். தாய் போனார், அக்காவுக்குத் தேத்தண்ணி கொடுத்தார். திரும்பிப் பார்க்கும்போது சின்னவள் அடுக்கிக்கொண்டிருந்தாள். கடைசியில் எடுத்தது முதலில், முதலில் எடுத்தது கடைசியில். இடையில் ஒன்று ஆடியது. ஒரு குட்டி முக்கோணத்தைச் செருகித் தட்டினாள். பிறகு சட்டைப் பைக்குள் கையைவிட்டு ஒரு சோகியை எடுத்து உச்சியில் வைத்தாள்.

தாய் தேத்தண்ணித் தட்டை அப்படியே தலைவரின் கையில் கொடுத்துவிட்டு வேலிக்குப் பக்கத்தில் வந்து குந்தினார்.

“இதை ஏன் வச்சனீ?”

“இது பூட்டு.”

“எங்கட வீட்டு வேலியிலயும் ஒரு சோகி இருக்கு” என்றார் தாய் மெதுவாக.

“ஓம். நான் வச்சனான். இப்ப ஆடு வாறேல்லைத்தானே?”

தாய் தலையைத் திருப்பித் தலைவரைப் பார்த்தார்.

“அண்ணை, அப்ப வேலியை அடைச்சது நீங்கள் இல்லையோ?”

“நான் அடைச்சனான் எண்டு எப்ப சொன்னனான்?” தட்டில் கோப்பைகள் கிலுகிலுத்தன.

“பணியாரம் வாங்கினீங்களே!”

“தந்தால் வாங்காமல் விடுறதோ? நீர் சண்டையை மறந்து நல்ல மனசோட தாறீரெண்டு நினைச்சனான். நல்லாத்தான் இருந்தது.”

அக்கா வாயில் இருந்த தேத்தண்ணியைத் துப்பிவிடாமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத் தெரியும். நான் பட்ட பாடும் அதுதான். பிறகு எல்லோரும் சிரித்தோம், தலைவரும் சேர்ந்து சிரித்தார். தாய் மட்டும் சிரிக்கவில்லை. மகளின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தில் மண், விரல் மடிப்பில் முருகைக்கல் உரஞ்சிய கோடுகள்.

“எப்ப கட்டினனீ?”

“நீங்கள் கிணத்தடியில உடுப்புத் தோய்க்கேக்க. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமா.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“நீங்கள் வேலி கட்டுறது பள்ளிக்கூடப் படிப்பில்லையெண்டு ரீச்சருக்குப் பேசினீங்கள். அதுதான்.”

தாய் எழும்பிக் குசினிக்குப் போனார். பிறகு அவர் என் பக்கம் வரவேயில்லை. அக்காவை வழியனுப்பவும் வரவில்லை, மகளைக் கூட்டிக்கொண்டு முன்னரே போய்விட்டார். அக்கா போகும்போது தலைவரிடம், “அண்ணை, அடுத்தமுறை நான் வரேக்க இந்தக் கட்டையளில பாதி துலைஞ்சிருக்கவேணும். இல்லாட்டி நான் கோவிப்பன்” என்றார். தலைவர் தனியே நின்று கட்டைகளை அலுமாரியில் அடுக்கினார். கதவைச் சாத்தினார். பூட்டைப் போடாமல் திறப்பை என்னிடம் நீட்டினார்.

“பிள்ளை, திறப்பை நீரே வையும்” என்றார். அதைக் குசினி ஆணியில் மா அரிக்கும் அரிதட்டுக்குப் பின்னால் கொழுவினேன். இன்றைக்கும் அங்கேதான் துருப்பிடித்துத் தொங்குகிறது.

ஆனால் அன்று எனக்குத் திறப்புக் கிடைத்த சந்தோஷம் இல்லை. நாளைக்குப் பிள்ளைகள் வராவிட்டால் திறந்த அலுமாரியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அந்தத் தாயின் முகத்தில் நான் பார்த்தது கோபமா வெட்கமா என்று எனக்குப் பிடிபடவில்லை. எல்லோருக்கும் முன்னால், வெளிநாட்டு ஆளுக்கும் முன்னால், பிள்ளை அப்படிச் சொல்லிவிட்டாளே. எந்தத் தாய்க்கும் நோகும்.

மறுநாள் காலை வாசலிலேயே நின்றேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து அலுமாரியைத் திறந்து பாதிக் கட்டைகளை முற்றத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சின்னவளின் தாய் வழக்கமாக வருகிற ஒழுங்கைப் பாதையில் சைக்கிளைக் காணவில்லை. மணி அடிக்கிற நேரமும் வந்தது. துறைப்பக்கம் போயிருப்பார்கள் என்று முடிவுகட்டிவிட்டேன். நல்லாயிருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டு உள்ளே திரும்பினேன்.

அப்போது மேற்கு வேலிப் பக்கம் கல்லோடு கல் முட்டும் சத்தம் கேட்டது. பார்த்தால், வேலிக்கு வெளியே சைக்கிள் சரிந்து கிடக்கிறது. தாய் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு பிள்ளைகள் கட்டிய கண்டாயத்தில் கல்லை எடுத்து எடுத்துக் கீழே வைக்கிறார். பக்கத்தில் சின்னவள். அவளுக்குப் பின்னால் தங்கச்சியின் பிள்ளைகள். குதிரை வழக்கமான இடத்தில் நின்று எல்லாவற்றையும் பார்க்கிறது. எல்லோரும் உள்ளே வந்ததும் தாய் திரும்பி நின்று அடுக்கத் தொடங்கினார்.

“அம்மா, அது இல்லை. கடைசியா எடுத்தது முதல்” என்றாள் சின்னவள்.

தாய் எடுத்த கல்லைக் கீழே வைத்துவிட்டு மற்றதை எடுத்தார். ஒரு கல் ஆடியது. மகள் சின்னக் கல் ஒன்றை நீட்டினாள். அவர் அதைச் செருகித் தட்டிவிட்டு, ஆட்டிப் பார்த்தார். வேலி முடிந்ததும் மகள் கொடுத்த சோகியை மேலே வைத்தார். பிறகு நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“கொப்பியிலயும் எழுதப் பழக்கவேணும் ரீச்சர். அதை விடமாட்டன்.”

“பழக்குறன்” என்றேன்.

“சரி, நான் போட்டுவாறன்” என்று சொல்லித் திரும்பியவர் அப்போதுதான் பார்த்தார். வேலியை உள்பக்கத்திலிருந்து அடைத்துவிட்டார். சைக்கிள் வெளியே, அவர் உள்ளே.

“இப்பதானே பூட்டினது. திரும்பத் திறக்காதேங்கோ அம்மா” என்றாள் சின்னவள். “நீங்களும் இருங்கோ.”

தாய் என்னைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார். பிறகு வேம்பின் கீழே பிள்ளைகளின் குட்டிக் கதிரை ஒன்றில் இருந்தார். கஞ்சி குடிக்கும் நேரம்வரை இருந்து பார்த்தார்.